இரண்டு தரம் கழித்த பத்து வாரம்

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் வளர்ச்சியைக் கவனிக்கும் பிரிவில் இப்போது வேலை பார்க்கும் பெண்கள் மூன்று பேர் போன மாதம் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். ஆளுக்கொரு டேப்லெட் கையில். பிறந்த தேதியையும் எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்பதையும் தட்டினால் போதும், குழந்தையின் திருத்திய வயது திரையில் வந்து நிற்கிறது. "நீங்கல்லாம் இதைக் கையாலயா கணக்குப் போட்டீங்க மேடம்?" என்று ஒருத்தி கேட்டாள். குரலில் அவ்வளவு பரிதாபம். நான் ஏதோ கல்லை உரசித் தீ மூட்டிச் சமைத்தவள் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

"கையாலதான் போட்டோம். ஒரு தடவை தப்பாவும் போட்டேன்" என்றேன். பிடித்துக்கொண்டார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கான கையேட்டில் போடவேண்டும், எழுதிக் கொடுங்கள் என்று உட்கார்ந்துவிட்டார்கள். என் சாதனை எதையும் அவர்கள் கேட்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவைக்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மாசியில் பிறக்க வேண்டிய குழந்தை மார்கழியிலேயே பிறந்துவிட்டால், ஊர் அதன் வயதை மார்கழியிலிருந்து எண்ணும். நாங்கள் மாசியிலிருந்து எண்ணுவோம். வயிற்றுக்குள் இருந்திருக்க வேண்டிய பத்து வாரத்தை அந்தக் குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் கழித்திருக்கிறது. வெளியே வந்துவிட்டோம் என்பதற்காக மூளை அவசரப்படுவதில்லை, அது தன் கணக்கில்தான் வளரும். அதனால் பத்து வாரத்தைக் கழித்துவிட்டுத்தான் கழுத்து நிற்கிறதா, உட்காருகிறதா என்று பார்க்கவேண்டும். கழிக்காவிட்டால் நன்றாக இருக்கிற குழந்தைகூட மந்தமாகத் தெரியும். இரண்டு தரம் கழித்துவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் இனி சொல்லப்போகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் சைக்காலஜி பட்டத்தை வைத்துக்கொண்டு, தி.நகரில் அப்பாவின் எவர்சில்வர் பாத்திரக் கடையில் டம்ளர் அடுக்கிக்கொண்டிருந்தேன். எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். நகரின் நடுவே இருந்த ஒரு மருத்துவமனையில் குழந்தைகள் ஆய்வுக்கு உதவியாளர் வேண்டும் என்று பேப்பரில் விளம்பரம் பார்த்துப் போட்டேன், கிடைத்துவிட்டது. "பச்சப்பிள்ள வெளயாடுதா இல்லையான்னு பாக்கதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு உத்தியோகமா?" என்று அப்பா சிரித்தார். ஆனாலும் முதல் நாள் அவரே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார்.

பயிற்சி ஆறு மாதம். குழந்தைகள் என் மடியை நனைத்ததையும் நான் ஸ்டாப் வாட்சை அமுக்க மறந்ததையும் தவிர அதில் சொல்ல ஒன்றும் இல்லை. முடிவில் எனக்கென்று ஒரு மரப்பெட்டி கொடுத்தார்கள். அதற்குள் நூலில் கட்டிய சிவப்புக் கம்பளி உருண்டை, பத்து மரக்கட்டைகள், ஒரு சின்ன மணி, முகம் பார்க்கும் கண்ணாடி, தலைச் சுற்றளவு எடுக்கிற டேப், ஒரு டப்பா பொரி. கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எடுக்கிறதா என்று பார்க்கத்தான் பொரி. புத்தகத்தில் உலர்ந்த திராட்சை என்று போட்டிருந்தது. எங்கள் குழந்தைகள் கிள்ளியதை நேராக வாயில் போட்டார்கள் என்பதால் வாயில் கரைகிற பொரிக்கு மாறினோம். மீந்த பொரி எனக்கு.

ஆய்வு இதுதான். ரொம்ப முன்னாலேயே பிறந்துவிட்ட குழந்தைகளை ஐந்து வயது வரை விடாமல் பார்ப்பது. பிறந்த முதல் வாரங்களில் உச்சிக்குழியின் மேல் கருவியை வைத்து ஸ்கேன் எடுப்பார்கள். உள்ளே இரத்தக் கசிவு இருக்கிறதா என்று அதில் ஓரளவு தெரியும். ஆனால் ஸ்கேனில் ஒன்றுமே தெரியாத சில குழந்தைகளும் பிற்பாடு நடக்கச் சிரமப்பட்டன. ஸ்கேனுக்கு அகப்படாதது குழந்தையின் கை கால் அசைவில் முன்கூட்டியே அகப்படுமா என்பது கேள்வி. அகப்பட்டால் சீக்கிரமே பயிற்சியைத் தொடங்கலாம், அந்த வயதில் மூளை இன்னும் வளைந்து கொடுக்கும்.

எங்கள் தலைவி டாக்டர் வைதேகி. மயிலாப்பூர்க்காரர். குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, காலில் ரப்பர் செருப்பு. குழந்தையைத் தொடுவதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார், இரண்டு உள்ளங்கையையும் சூடு வர உரசுவார், பிறகு பாயில் உட்காருவார். நாற்காலியில் உட்கார்ந்து அவர் ஒரு குழந்தையையும் பார்த்து நான் பார்த்ததில்லை. குழந்தை பசியில் இருந்தால் பால் குடித்து முடிக்கும் வரை காத்திருப்பார். வெளியே மருத்துவமனை இயக்குநரே நின்றாலும் "குழந்தை சாப்டுண்டிருக்கு" என்று பதில் போகும்.

அவருக்கு இரண்டு சட்டங்கள். ஒன்று, படிவத்தில் எதையும் அழிக்கக்கூடாது. தப்பாக எழுதினால் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். இரண்டாவது, தாயிடம் "நல்லா இருக்கு" என்று சொல்லக்கூடாது.

"இன்னிக்கு இதைப் பண்றது, இதைப் பண்ணலை, அவ்வளவு சொன்னா போறும். மிச்சமெல்லாம் இனிமே நடக்கப்போறது. அது நம்மாத்துச் சொத்து இல்லை" என்பார்.

இரண்டாவது சட்டம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு தாய் மூன்று பஸ் மாறி வந்து, நம் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? நான் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். டாக்டர் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொன்னேன்.

காலையில் எல்லாக் குழந்தைகளையும் நான் சோதிப்பேன். எனக்குச் சந்தேகம் வந்தவர்களை மட்டும் மத்தியானம் வரை இருத்திவைப்பேன், டாக்டர் பார்ப்பார். மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம். பதினைந்து பேர் வருகிற இடத்தில் எல்லாரையும் அவரே பார்க்க முடியாது. ஆக யார் டாக்டர் கைக்குப் போகவேண்டும் என்று முடிவு செய்தது நான்தான்.

ஒவ்வொரு தாயிடமும் ஒரு அட்டை இருக்கும். எங்கள் மருத்துவமனையிலேயே பிறந்த குழந்தையின் அட்டையில் பிறந்த தேதி நீல மையிலும், பிறந்திருக்க வேண்டிய தேதி சிவப்பு மையிலும் இருக்கும். வயதைச் சிவப்புத் தேதியிலிருந்து எண்ணினால் முடிந்தது, கழிக்க ஒன்றுமில்லை. வேறு இடத்தில் பிறந்து எங்களிடம் வந்தவர்களின் அட்டையில் நீலம் மட்டும்தான் இருக்கும். அவர்களுக்கு நீலத்திலிருந்து எண்ணி, எத்தனை வாரம் முந்தியதோ அதைக் கழிக்கவேண்டும். இரண்டு வழியிலும் விடை ஒன்றுதான். இரண்டையும் சேர்த்துச் செய்கிற முட்டாள் இருப்பாள் என்று யாரும் நினைக்கவில்லை.

கஸ்தூரி சைதாப்பேட்டையிலிருந்து வருவாள். இருபத்திரண்டு வயது இருக்கும். தி.நகரில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் புடவை மடிக்கிற வேலை. வாடிக்கையாளர் பிரித்துப் போட்டுவிட்டுப் போகிற நூறு புடவையையும் பழைய மடிப்பிலேயே திரும்ப மடித்து அடுக்கவேண்டும். நாள் முழுக்க நின்றபடி வேலை. அவளுடைய பெண் பவானி மாசியில் பிறக்க வேண்டியவள், மார்கழியில் பிறந்துவிட்டாள். ஸ்கேனில் குறிப்பாக ஒன்றும் இல்லை. ஐந்தாம் மாதப் பரிசோதனையிலும் கவலைப்படும்படி நான் எதையும் எழுதவில்லை. கம்பளி உருண்டையைக் கண்ணால் துரத்தி, மணியைப் பிடுங்கப் பார்த்து, என் மூக்குக் கண்ணாடியையும் பிடுங்கிய குழந்தை அது.

எட்டாம் மாதப் பரிசோதனை தீபாவளிக்கு முந்தின வாரம் வந்தது. தி.நகரில் கால் வைக்க இடமில்லாத வாரம் அது. கடையில் ஒரு மணி நேரம்தான் அனுமதி என்று சொல்லிக்கொண்டே கஸ்தூரி மூச்சு வாங்க வந்தாள். அன்று காலை அவளுக்கு முன்னால் வந்த மூன்று பேருமே வெளியிடத்தில் பிறந்தவர்கள். மூன்று அட்டையிலும் நீலம் மட்டும். கழித்து, கழித்து, கழித்து என் கை பழகிவிட்டிருந்தது. பவானியின் அட்டையில் சிவப்புத் தேதியைப் பார்த்தேன், அதிலிருந்து எட்டு மாதம் எண்ணினேன், எண்ணிய கையோடு அதிலிருந்து பத்து வாரத்தையும் கழித்தேன். ஐந்தரை மாதம் என்று படிவத்தில் எழுதினேன். அவள் வந்திருப்பது எட்டாம் மாதப் பரிசோதனைக்கு என்பதுகூட அந்த அவசரத்தில் உறைக்கவில்லை. என் கையெழுத்து அழகாகவே இருந்தது.

ஐந்தரை மாதக் குழந்தை நாம் பிடித்துக்கொண்டால் உட்கார்ந்தால் போதும். பவானி பிடித்துக்கொண்டால் உட்கார்ந்தாள். கட்டையை எடுத்தாள், கை மாற்றினாள், பேச்சுக் குரல் வந்த பக்கம் திரும்பினாள். எல்லாவற்றுக்கும் சரி போட்டேன். எட்டு மாதக் குழந்தை தானாக உட்காரவேண்டும் என்ற பக்கத்தையே நான் திருப்பவில்லை.

கஸ்தூரி குழந்தையின் துணியை மாற்றிக்கொண்டே சொன்னாள். "மேடம், இவளுக்குத் துணி மாத்தவே கஷ்டமா கீது. தொடய விரிச்சா விரிய மாட்டேங்குது. அப்டியே டைட்டா பூட்டிக்கினு கீறா. முன்னல்லாம் இப்டி இல்ல."

நான் படிவத்தைப் பார்த்தேன். ஐந்தரை மாதம், எல்லாம் சரி.

"குறைமாசக் குழந்தைங்க அப்படித்தான் இருப்பாங்க. பக்கத்து வீட்டுக் குழந்தையோட வச்சுப் பாக்காதீங்க கஸ்தூரி. நம்ம கணக்கே வேற. நல்லா இருக்கா உங்க பொண்ணு, தைரியமா போங்க."

அவள் முகம் மலர்ந்ததை இன்றும் மறக்கவில்லை. என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு ஓடினாள். அன்று மத்தியானம் டாக்டருக்கு நான் இருத்திவைத்த குழந்தைகள் நான்கு பேர். பவானி அதில் இல்லை.

பொங்கல் கழிந்து, கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்காகப் படிவங்களைப் பெரிய தாளில் பெயர்த்து எழுதிக்கொண்டிருந்தேன். பவானியின் தாள் வந்தது. சிவப்புத் தேதி, பரிசோதனை நாள், வயது ஐந்தரை. எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். பிறகு என்னவோ உறுத்தி, திரும்பி வந்து விரல் விட்டு எண்ணினேன். எட்டு. மறுபடி எண்ணினேன். எட்டுதான்.

அந்த அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். ஒரு கோடு போட்டு, எட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் சட்டப்படி முடிந்தது. தானாக உட்காரவில்லை என்று கூடவே ஒரு வரி சேர்க்கலாம். அடுத்த மாதம் ஒரு வயதுப் பரிசோதனைக்கு வரும்போது டாக்டர் பார்த்துக்கொள்வார், அப்போதுதான் தெரிய வந்தது போல நானும் பார்த்துக்கொண்டு நிற்கலாம். ஒரு கால் மணி நேரம் அப்படி யோசித்தேன். யோசிக்கவே இல்லை என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கையேட்டில் பொய் எழுதக்கூடாது. தொடை விரியவில்லை என்று அவள் சொன்னது ஞாபகத்துக்கு வந்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை. தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

"படிங்கோ" என்றார். யார் எந்தத் தாளோடு போனாலும் அவர் வாங்கிப் பார்க்கமாட்டார், நம்மையே உரக்கப் படிக்கச் சொல்வார். படித்தேன். வயது என்ற இடத்தில் என் குரல் நின்றது. அவர் பேனாவை மூடி வைத்தார்.

"இதுல எழுதாதது ஏதாவது உண்டா?"

தொடை விஷயத்தைச் சொன்னேன். நான் என்ன பதில் சொன்னேன் என்பதையும் சொன்னேன். நல்லா இருக்கா என்ற வார்த்தை உள்பட. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு வியாதியைக் கண்டுபிடிச்சுக் கையில கொண்டுவந்து கொடுத்திருக்கா. நாம வாங்கிக்கலை." பிறகு, "குழந்தையை எப்போ பார்க்கலாம்?" என்றார்.

என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் அழுதுவிட்டு ஆறியிருப்பேன்.

அன்று சாயங்காலமே சைதாப்பேட்டை போனேன். வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "அவங்க காலி பண்ணிக்கினு போய் ஒரு மாசம் ஆவுது. திருவல்லிக்கேணியோ இன்னாவோ. புள்ள ஒக்காரவே மாட்டேங்குது, யாராண்டயும் வுட்டுட்டுப் போவ முடியல, அதான் வேலய வுட்டுட்டா."

கையில் செல்போன் இல்லாத காலம். ஜவுளிக்கடையில் என்னை வாடிக்கையாளர் என்று நினைத்துப் பட்டுப் பிரிவுக்கு அனுப்பினார்கள், மேற்பார்வையாளர் விவரம் சொல்ல மறுத்துவிட்டார். வீட்டில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அப்பா கேட்டார். சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். தி.நகர் கடைக்காரர்களுக்குள் அவருக்கு ஒரு செல்வாக்கு உண்டு. ஒரு மணி நேரத்தில் வந்தார்.

"புருஷன் பேரு சேகராம். திருவல்லிக்கேணில ஏதோ மெஸ்ல சமையலாம். எந்த மெஸ்ஸுன்னு தெரியலங்காவ. நீ நாளைக்குச் சாய்ங்காலம் கடைக்கு வராட்டா பரவால்ல, போய்த் தேடு." அவர் என் வேலையை வேலை என்று ஒப்புக்கொண்டது அன்றுதான்.

திருவல்லிக்கேணியில் மேன்ஷன்கள் எத்தனையோ அத்தனை மெஸ். மூன்று நாள் சந்து சந்தாக ஏறி இறங்கினேன். பேச்சிலர்கள் வரிசையில் நிற்கிற இடத்தில் ஒரு பெண் வந்து சமையல்காரர் சேகரைக் கேட்டால் சும்மா இருப்பார்களா? "இன்னா மேடம், சேகர் சாம்பாருக்கு இவ்ளோ கிராக்கியா?" என்று ஒருவன் கேட்டான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான்காம் நாள் மத்தியானம், ஒரு மெஸ்ஸின் பின்பக்கம் கஸ்தூரி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் விரித்த போர்வையில் பவானி படுத்திருந்தாள். என்னைக் கண்டதும் கஸ்தூரி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் என் தப்பைச் சொல்வதுதான் நான் பார்த்த வேலைகளிலேயே கடினமான வேலை.

குழந்தையைத் தூக்கி அக்குளில் பிடித்து நிறுத்தினேன். இரண்டு காலும் விறைத்து, கத்தரிக்கோல் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. பாதம் தரையில் பதியவில்லை, நுனிவிரல் மட்டும் பட்டது. மூளையிலிருந்து வருகிற இறுக்கம்தான், யாருக்கும் சந்தேகம் வேண்டியதில்லை.

"கஸ்தூரி, தீபாவளிக்கு முன்னாடி பார்த்தப்ப நான் வயசைத் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன். இவளுக்குக் காலில் இறுக்கம் இருக்கு. நீங்க அன்னிக்கே சொன்னீங்க. நான்தான் கேக்கல. அப்பவே டாக்டர் பார்த்திருக்கணும். என் தப்பு" என்றேன். மொத்தத்தையும் ஒரே மூச்சில் சொன்னேன், நிறுத்தினால் மிச்சத்தைச் சொல்லமாட்டேன் என்று பயம்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க."

"நீ இன்னா சொன்ன?"

"நல்லா இருக்கான்னு சொன்னேன்."

"இவ அப்பன் வேற டாக்டராண்ட காட்லாம் வாடின்னு தலபாடா அடிச்சிக்கினான். நான்தான் கம்முனு இரு, மேடம் சொல்ட்டாங்க, அவங்களுக்குத் தெரியாதது உனுக்குத் தெரிஞ்சிபோச்சான்னு சண்ட போட்டேன். ஒரு வாரம் அவனோட பேசல தெரியுமா? உன்னால." குரல் உடைந்துவிட்டது. உள்ளே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கணவன் கரண்டியோடு வந்து நின்றான்.

மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. குழந்தையை என் கையிலிருந்து வாங்கி இடுப்பில் வைக்கப் பார்த்தாள், கால் விரியவில்லை. தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இப்ப வந்தா டாக்டரம்மா இருப்பாங்களா?"

ஆட்டோ பிடித்தோம். குழந்தையைத் தோளிலிருந்து இறக்காமலே வந்தாள்.

டாக்டர் கடிகாரத்தைக் கழற்றினார், கையை உரசினார், பாயில் உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் பார்த்தார். பிறகு என்னைக் கஸ்தூரிக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, இருவருக்கும் சேர்த்தே செய்து காட்டினார். குழந்தையைத் தாயின் ஒரு தொடையில் குதிரையில் ஏற்றுவதுபோல இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரவைப்பது. தொடையை வெடுக்கென்று விரிக்காமல், முதலில் இடுப்பை மெல்ல ஆட்டி, இறுக்கம் தளர்ந்த பிறகு விரிப்பது. இடுப்பில் தூக்கும்போது எப்போதும் கால் விரிந்தபடி தூக்குவது. துணி மாற்றும் ஒவ்வொரு தரமும் பயிற்சி நேரம்தான், அதற்கென்று தனியாக ஒரு வேளை வேண்டாம் என்றார். புடவை மடித்த கை அது, கஸ்தூரி இரண்டாவது தரத்திலேயே பிடித்துக்கொண்டாள். நான் ஐந்தாவது தரத்தில்தான்.

அடுத்த வாரமே டாக்டர் படிவத்தை மாற்றி அச்சடித்தார். வயதுக்கும் முன்னால், முதல் கட்டமாக, 'தாய் சொல்வது' என்று நான்கு வரி இடம். அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதவேண்டும், நம் பாஷைக்கு மாற்றக்கூடாது. அதில் ஏதாவது கவலை எழுதியிருந்தால், சோதனையில் எல்லாம் சரியென்று வந்தாலும் அந்தக் குழந்தை மத்தியானம் வரை இருக்கவேண்டும். அதற்குப் பிறகு அந்த நான்கு வரியால் நாங்கள் சீக்கிரமே கண்டுகொண்ட குழந்தைகள் நிறைய. அவர்கள் எல்லாரும் கஸ்தூரிக்குக் கடன்பட்டவர்கள், அது அவர்களுக்குத் தெரியாது.

வெளியூர் டாக்டர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் டாக்டர் வைதேகி இந்தத் தப்பை மேடையில் சொன்னார். நான் பின் வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். "நாங்கள் கணக்கில் பிழை செய்தோம்" என்றார். உதவியாளர் ஒருவர் என்றுகூடச் சொல்லவில்லை. அவரும் சேர்ந்து செய்தது போல அந்த 'நாங்கள்' இருந்தது. அவர் இப்போது இல்லை. எனக்குக் கிடைத்த மேலதிகாரி எல்லாருக்கும் கிடைக்கவேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

பவானி ஒன்றரை வயதுக்குப் பிறகு தானாக உட்கார்ந்தாள். மூன்று வயதில் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பேச்சு மட்டும் நாங்கள் போட்ட எல்லாக் கணக்கையும் தாண்டி ஓடியது. கஸ்தூரி ஒரு பரிசோதனையையும் விடவில்லை. முதல் ஒரு வருஷம் என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். நானும் அதற்குமேல் எதிர்பார்க்கவில்லை. வந்தாளே, அதுவே எனக்குப் பெரிது.

கடைசிப் பரிசோதனை பவானியின் ஐந்தாவது வயதில். கணுக்காலுக்கு மேல் உயர்த்திக் கட்டிய ஷூவைப் போட்டுக்கொண்டு, இரண்டு முழங்காலும் உரச, கதவிலிருந்து பாய் வரை யாரையும் பிடிக்காமல் நடந்து வந்தாள். கட்டைகளில் கோபுரம் கட்டினாள், இருபது வரை எண்ணினாள், மனித உருவம் வரையச் சொன்னபோது எனக்கு மூக்குக் கண்ணாடி போட்டு வரைந்தாள். வயதுக்கு மேலேயே செய்தாள். மரப்பெட்டியை மூடிக்கொண்டிருந்தபோது கஸ்தூரி கேட்டாள்.

"மேடம், இத்தினி வருசமா கேக்கல. அந்த மூணு மாசம் வீணாப் போச்சே, அப்பவே ஆரம்பிச்சிருந்தா இவ எல்லாப் புள்ளைங்க மாரி நடந்திருப்பாளா?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் எத்தனையோ நாள் பயந்திருக்கிறேன். ஆமாம் என்றால் அவள் வயிறு எரியும். இல்லை என்றால் நான் தப்பித்துவிடுவேன். இரண்டில் எது உண்மை என்று எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

"தெரியல கஸ்தூரி. கொஞ்சம் கூடுதலா நல்லா நடந்திருக்கலாம். இதே மாதிரியும் இருந்திருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது. எனக்கு நிஜமாவே தெரியல."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன், தயாராகவும் இருந்தேன்.

"அன்னிக்கி அட்டயப் பாத்துட்டு டக்குனு சொல்ட்ட. இன்னிக்கி தெரியலன்ற" என்றாள். குழந்தையின் ஷூ வாரை இறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள். "இவள ஸ்கூல்ல சேக்கணும் மேடம். இந்தக் கால வெச்சிக்கினு எந்த ஸ்கூல்ல சேக்கறது, நீ சொல்லு. நீ சொல்ற எடத்துல சேக்கறேன்."

தெரிந்த ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது.

"ரெண்டு நாள் குடு. நாலஞ்சு ஸ்கூலை நேர்ல போய்ப் பாக்கறேன். எத்தனை படி, பாத்ரூம் எங்க இருக்கு, டீச்சர் எப்படி, எல்லாம் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

"சரி, பாத்துட்டே வந்து சொல்லு" என்றாள் கஸ்தூரி.